நரேந்திர குமார்

கர்னல் நரேந்திர குமார் (டிசம்பர் 8, 1933 – டிசம்பர் 31, 2020) இந்தியத் தரைப்படை அலுவலரும் மலையேற்ற வீரரும் ஆவார். "புல்" (காளை) குமார் என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டார். 1978, 1981 ஆம் ஆண்டுகளில் சியாச்சின் பனியாற்றுக்கு இவர் நடத்திய பயணங்கள், 1984 இல் இந்தியப் படைகள் அங்கு நிலைகொள்ள வழிவகுத்தன.

இளமை

இன்று பாக்கித்தானில் உள்ள ராவல்பிண்டியில் பிறந்தார். நாட்டுப் பிரிவினையின்போது இவரது குடும்பம் சிம்லாவுக்கு இடம்பெயர்ந்தது. டேராடூனில் படைத்துறைப் பயிற்சி பெற்ற காலத்தில் மூத்த மாணவர் ஒருவருடன் குத்துச்சண்டையில் மோதித் தோற்றார். ஆயினும் பின்வாங்காமல் பாய்ந்து பாய்ந்து தாக்கியதால் "புல்" என்ற பட்டப்பெயர் இவருக்கு நிலைத்தது. அன்று வென்ற எஸ். எஃப். ரோட்ரிக்ஸ் பின்னாளில் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். குமார் 1954 இல் குமாவுன் படைப்பிரிவில் அலுவலராகச் சேர்ந்தார்.

மலையேற்றம்

1960 இல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் சென்ற முதல் இந்திய எவரெஸ்ட் குழுவில் இடம்பெற்றார். சோனம் கியாட்சோ, நவாங் கோம்பு ஆகியோருடன் சுமார் 8,625 மீட்டர் உயரம் வரை சென்றார். உச்சிக்கு ஏறத்தாழ 200 மீட்டரே இருந்த நிலையில் கடும் காற்றினால் மூவரும் திரும்ப நேர்ந்தது.

அடுத்த ஆண்டு நீலகண்டச் சிகரப் பயணத்துக்குத் தலைமையேற்றபோது பனிக்கடியால் கால்விரல்களில் நான்கை இழந்தார். இதற்குப் பிந்திய இவரது பெரும் வெற்றிகள் பலவும் குழுத் தலைவர் என்ற முறையில் கிடைத்தவை என்பது கருதத்தக்கது. 1964 இல் நந்தா தேவியில் ஏறிய முதல் இந்தியர் இவர் என்று சில இடங்களில் எழுதப்படுகிறது. உண்மையில் அவ்வாண்டு உச்சியை அடைந்தவர்கள் இவரது குழுவைச் சேர்ந்த நவாங் கோம்புவும் தாவா நோர்புவும் ஆவர். 1965 இல் எம். எஸ். கோலியின் தலைமையில் ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சிக்கு அனுப்பிய குழுவில் துணைத் தலைவராகப் பணியாற்றினார்.

1977 இல் இவர் தலைமையில் சென்ற தரைப்படைக் குழு கஞ்சன்ஜங்காவின் வடகிழக்கு முகட்டைத் தேர்ந்தெடுத்தது. பவுல் பவரின் ஜெர்மானியக் குழுக்கள் 1929 இலும் 1931 இலும் முயன்று கைவிட்ட கடினமான பாதை அது. மே 31 அன்று மேஜர் பிரேம் சந்தும் நாயக் நிமா தோர்ஜேயும் அதன் வழியே உச்சிப் பகுதியை அடைந்தனர். 1955 இல் பிரித்தானியர் ஏறியதற்குப் பின் அச்சிகரம் ஏறப்பட்டது அதுவே முதன்முறை.

சியாச்சின்

1949 இன் கராச்சி உடன்பாட்டில் போர்நிறுத்தக் கோடு என்.ஜே. 9842 என்ற புள்ளி வரை மட்டுமே வரையறுக்கப்பட்டது. அதற்கு அப்பால் "வடக்கே பனியாறுகளை நோக்கி" என்று மட்டும் குறிக்கப்பட்டது. மனிதர் வாழ முடியாத அப்பகுதிக்காக யாரும் போரிடப்போவதில்லை என்று அன்று கருதப்பட்டிருக்கலாம்.

1977 இல், சிந்து ஆற்றில் படகுப் பயணம் செய்யும் திட்டத்துடன் வந்த ஜெர்மானியர் ஒருவரிடம் இருந்த அமெரிக்க நிலப்படத்தைக் குமார் கண்டார். அப்போது அவர் குல்மார்க்கிலிருந்த உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியின் தலைவர். அப்படத்தில் என்.ஜே. 9842 இலிருந்து காரகோரம் கணவாய்க்கு நேர்கோடு வரையப்பட்டு, பனியாறு முழுவதும் பாக்கித்தான் பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. அதைப் படை நடவடிக்கைகளின் இயக்குநராயிருந்த லெப்டினன்ட் ஜெனரல் எம். எல். சிப்பரிடம் கொண்டு சேர்த்தார்.

பயிற்சிப் பயணம் என்ற பெயரில் 1978 இல் குமாரின் குழு பனியாற்றில் ஏறியது. வெளிநாட்டுக் குழுக்கள் விட்டுச்சென்ற பொருட்கள் அங்கே கிடைத்தன. பாக்கித்தானின் அனுமதியுடன் பலர் வந்துபோனதற்கு அவை சான்றாயின. 1981 இல் மீண்டும் சென்று, சுமார் 76 கிலோமீட்டர் நீளமுள்ள பனியாற்றை அதன் முகப்பிலிருந்து தலைப்பகுதியிலுள்ள இந்திரா கணவாய் வரை கடந்தார். இப்பயணங்களில் திரட்டிய வரைபடங்களும் ஒளிப்படங்களும் 1984 ஏப்ரல் 13 அன்று தொடங்கிய "மேகதூது" நடவடிக்கைக்குப் பயன்பட்டன. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வரும்வரை அங்கு இருதரப்பும் மோதின. எனினும் குண்டுகளைவிடக் குளிரும் பனிச்சரிவும் உயர மயக்கமுமே மிகுதியான உயிர்களைக் கொண்டன.

பனியாற்றிலுள்ள ஒரு படைத்தளத்துக்கு "குமார் தளம்" எனப் பெயரிடப்பட்டுள்ளது.

விருதுகள்

பத்மசிறீ (1965), அருச்சுனா விருது (1965), கீர்த்தி சக்கரம், அதி விசிட்ட சேவா பதக்கம் ஆகியவற்றைப் பெற்றார். பெரும்பாலும் ஜெனரல் நிலை அலுவலர்களுக்கே வழங்கப்படும் பரம விசிட்ட சேவா பதக்கம், கர்னலாக இருந்த இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது மகள் சைலஜா குமார் 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். குமார் 2020 டிசம்பர் 31 அன்று தில்லியில் தமது 87 ஆவது அகவையில் காலமானார்.