கத்தியற்ற சத்திரசிகிச்சையும் மூளை வீக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

உடலின் பேருறுப்புகளுள் மூளையைப் போல என்பினால் முற்றும் அடைக்கப்பெற்றது பிறிதில்லை. காவலாக அமைந்த அந்த ஓடே, வீக்கம் நேருங்கால் பகையாகி விடுகின்றது. காலில் வரும் வீக்கம் புறத்தே பெருக இடமுண்டு, கபாலத்தினுள்ளே அவ்விடமில்லை. மண்டையோடு விரியாத கலம் என்பதை எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் மன்றோ 1783 இல் எடுத்துரைத்தார். ஜோர்ஜ் கெல்லி 1824 இல் அதனை வலியுறுத்தினார். மூளைச் சிகிச்சையின் வரலாறு இவ்வுண்மையுடன் மனிதர் நடத்திய போராட்டமே எனலாம்.

சுவீடன் தேசத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்செல், மண்டையைத் திறவாமலே நோயுற்ற இடத்தை அழிக்கக் கருதினார். பல திசைகளினின்றும் மெல்லிய கதிர்களைச் செலுத்தி, அவை யாவும் ஒரு புள்ளியிற் கூடுமாறு செய்வதே அவர் வகுத்த வழி. 1951 இல் இதற்குக் கதிர்ச் சத்திரசிகிச்சை எனப் பெயரிட்டார். கோபாற்று 60 கொண்டு இயங்கும் ‘காமாக் கத்தி’ 1968 இல் ஸ்டொக்ஹோமில் தொழிற்படத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே புற்றல்லாத செவிநரம்புக் கட்டியொன்று அம்முறையாற் சிகிச்சை பெற்றது.

கத்தி விலகியதேயன்றி வீக்கம் விலகவில்லை. கதிர் பட்ட கட்டியிலும் அதன் அயலிலும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிவுறுகின்றன. அவற்றினின்றும் நீர் கசிந்து மூளையிற் சேர்கின்றது. இவ்வாறு குழாய்க் கசிவால் வரும் வீக்கத்தையும், உயிரணுக்களே நீர் கொண்டு பருக்கும் வீக்கத்தையும் 1967 இல் இகோர் கிளாற்சோ வேறுபடுத்திக் காட்டினார். மூளையுறையில் எழும் கட்டிகளுள், உச்சியின் நடுக்கோட்டை ஒட்டியனவும் பருத்தனவும் இவ்விடருக்கு மிகுதியும் உள்ளாவன. ஆயினும் இவ்வீக்கம் உடனே தோன்றுவதன்று. பெரும்பாலும் சில மாதங்கள் கழித்தே தலையிடியாகவோ, வலிப்பாகவோ, கைகாற் சோர்வாகவோ வெளிப்படும்.

இதற்கு இருவகைப் பரிகாரங்கள் தோன்றின. மின்னசோற்றாவில் கலிசிச், பிரெஞ்சு ஆகியோர் 1961 இல் டெக்சாமெதசோன் என்னும் மருந்து மூளைக்கட்டியைச் சூழ்ந்த வீக்கத்தைத் தணிப்பதை வெளியிட்டனர். மற்றையது கதிரின் அளவைக் குறைத்தல். 1971 இல் தோன்றிய கணினிப் படமும், பின்வந்த காந்தப் படமும் கட்டியின் எல்லையைத் தெளிவாக்கின. தொடக்கத்திற் செவிநரம்புக் கட்டிக்கு 20 கிரேயையும் கடந்து அளித்த கதிர், 1990களில் 12 அல்லது 13 கிரே அளவுக்கு இறங்கிற்று. குறைந்த அளவே பெரும்பாலான கட்டிகளை அடக்கப் போதுமாயிற்று. பருத்த கட்டிகளுக்குச் சில வேளைகளில் கதிரைப் பல தவணைகளாகப் பிரித்தளிக்கும் வழக்கமும் எழுந்தது.

நம் அயலில் இக்கலை படிப்படியாகவே வளர்ந்தது. வேலூரில் 1949 இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950 இல் இராமமூர்த்தியும் நரம்புச் சத்திரசிகிச்சைத் துறைகளை நிறுவினர். 1997 இல் பம்பாயிலும் தில்லியிலும் காமாக் கத்தி நிறுவப்பட்டது. பேராதனையில் 1962 இல் மருத்துவ பீடம் தோன்றவே, கண்டி வைத்தியசாலை மாணவர் பயிலும் களமாயிற்று.

கடல் கடந்து இச்சிகிச்சை பெற்று மீளும் மலைநாட்டார் ஒருவரை எண்ணுக. வீக்கம் தோன்றக்கூடிய மாதங்கள், அவர் கண்டியிலோ அயற்றோட்டத்திலோ தம் இல்லத்திலிருக்கும் காலமேயாகும். சிகிச்சை முடிந்ததென அவர் நம்பியிருக்க, தலையிடி தொடங்கும். அதனைச் சாதாரண நோயெனக் கருதி நாளைக் கடத்தலாகாது. தாம் பெற்ற கதிரின் அளவும் தேதியும் குறித்த பத்திரத்தையும் படங்களையும் உள்ளூர் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். வீக்கந் தணிக்கும் மாத்திரையைச் சுகமானவுடன் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தாகும். வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

இவ்வீக்கம் பலருக்கு மாதங்கள் செல்லத் தணிவதே. முன்னரே அறிந்தவர் அதனைக் கண்டு கலங்கார், அசட்டை செய்யார். கருவியைக் கண்டது ஒரு தலைமுறையெனின், அதன் அளவைக் கண்டது அடுத்த தலைமுறை. அவ்விரண்டின் பயனும் நோயாளியைச் சேர்வது, வீடு திரும்பிய பின்னும் அவரைக் கண்காணிக்கும் ஊரிலேயாம்.