ஓரியூர் புனித அருளானந்தர்

புனித அருளானந்தர் (1647–1693) போர்ச்சுகல் நாட்டில் பிறந்து, தமிழகத்தில் சமயப்பணி ஆற்றி, ஓரியூரில் கொல்லப்பட்ட இயேசு சபைத் துறவி. இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. ஓரியூர் மணல் சிவந்திருப்பதால் 'செம்மண் புனிதர்' என்றும் அழைக்கப்படுகிறார்.

இளமை

1647 மார்ச் 1 அன்று லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தார். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர் பெட்ரோவின் தோழராக வளர்ந்தார். கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு இயேசு சபை உடை அணிவிப்பதாக அவருடைய தாய் புனித சவேரியாரை வேண்டிக்கொண்டார். பிழைத்த சிறுவன் அவ்வுடையிலேயே அரண்மனையில் வலம்வந்தான். 1662-இல் இயேசு சபையில் சேர்ந்த அவர், 1673-இல் கோவாவுக்கு வந்தார்.

பண்டாரசாமி வாழ்வு

அக்காலத்தில் மதுரை மறைப்பணித்தளத்தில் இருவகைத் துறவியர் இருந்தனர். ராபர்ட் டி நொபிலி காட்டிய வழியில் அந்தணத் துறவிபோல் வாழ்ந்தவர்கள் உயர்சாதியினரிடம் பழகினர். ஒடுக்கப்பட்டோரிடம் வெளிப்படையாகப் பழக அவர்களால் இயலவில்லை. இக்குறையைப் போக்க 1640 அளவில் பல்தசார் தா கோஸ்டா என்பவர் 'பண்டாரசாமி' முறையைத் தொடங்கினார். அருளானந்தரும் இதையே ஏற்றார். காவியுடை அணிந்து, மரக்கறி உணவு உண்டு, தமிழ் பேசி, ஊர் ஊராக நடந்தே சென்றார். எளிய மக்கள் அவரை அணுக முடிந்தது.

1686-இல் மறவர் நாட்டில் உபதேசியார்களுடன் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானார். கிழவன் சேதுபதி அவரை விடுவித்தார். ஆனால் தம் நாட்டில் போதிக்கக் கூடாது என்று தடைவிதித்தார். அடுத்த ஆண்டு சபைப் பணிக்காக ஐரோப்பா சென்றார். அப்போது மன்னராகியிருந்த பழைய தோழர் பெட்ரோ அவரைப் போர்ச்சுகலிலேயே இருத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தர் அதை ஏற்காமல் 1690-இல் இந்தியா திரும்பி, ஆபத்து இருப்பதை அறிந்தே மீண்டும் மறவர் நாட்டுக்குச் சென்றார்.

மறைச்சாட்சி மரணம்

சேதுபதியின் உறவினரும் அரியணைக்கு உரிமை கோரத்தக்கவருமான தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்தபின் திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியுடன் மட்டுமே வாழ வேண்டும் என்பது அருளானந்தரின் நிபந்தனை. தடியத்தேவர் அதற்கு இசைந்தார். விலக்கப்பட்டவர்களில் கடலாயி என்பவர் சேதுபதியின் உறவுப்பெண். தம் நிலையை இழந்த அவர் அரசரிடம் முறையிட்டார். சமயநெறி, ஒரு பெண்ணின் வாழ்வு, அரச குடும்பத்தின் மானம், அரியணைப் போட்டி ஆகிய நான்கும் இவ்வழக்கில் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். தலைநகரான இராமநாதபுரத்தில் அவரைக் கொல்லாமல், ஓரியூரில் இருந்த தம் தம்பி உடையத்தேவரிடம் சேதுபதி அனுப்பினார். சிறையில் மையில்லாத நிலையில் கரியைக் கொண்டு சபையினருக்கு அவர் விடைமடல் எழுதினார். பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார்.

புனிதர் பட்டம்

அருளானந்தரைப் புனிதராக்கும் முயற்சி நெடுங்காலம் தடைப்பட்டது. காவியுடை முதலிய உள்ளூர் வழக்கங்களைத் துறவியர் மேற்கொண்டது சரியா என்ற 'மலபார் சடங்குகள்' சர்ச்சை அப்போது ரோமில் நடந்துவந்தது. அவ்வழக்கங்கள் இவரது மறைச்சாட்சியத்துக்குத் தடையல்ல என்று திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் 1741-இல் முடிவுசெய்தார். அதே திருத்தந்தை 1744-இல் அச்சடங்குகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1853-இல் 9-ஆம் பயஸ் இவருக்கு அருளாளர் பட்டமும், 1947 ஜூன் 22 அன்று 12-ஆம் பயஸ் புனிதர் பட்டமும் வழங்கினர்.

நற்பண்புகள்

அரண்மனை வாழ்வைத் துறந்த எளிமை, சித்திரவதைக்குப் பின்னும் தளராத உறுதி, எளியோரைத் தேடிச் சென்ற அன்பு ஆகியவை இவரது சிறந்த பண்புகளாகப் போற்றப்படுகின்றன. மதுரையை அடுத்த கருமாத்தூரிலுள்ள அருளானந்தர் கல்லூரி இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிப்ரவரி 4 இவரது திருவிழா நாள். ஓரியூர் திருத்தலத்துக்கு வருவோர் அவரது இரத்தம் சிந்தியதாக நம்பப்படும் செம்மணலைப் பக்தியுடன் எடுத்துச் செல்கின்றனர்.