நாடாப்புழுவை வென்ற சிறுநூல்

நாயும் ஆடும் மனிதனோடு கூடி வாழத் தொடங்கிய காலம் மிகப் பழமையானது. அவற்றைப் பின்தொடர்ந்து நாடாப்புழுக்களும் மனிதனின் இல்லத்திற்குள் புகுந்தன. பண்டை மக்கள் இப் புழுக்களை அறியாதவர் அல்லர். குடலிலிருந்து வெளிப்படும் நாடா போன்ற புழுவைக் கிரேக்க மருத்துவர் கண்டிருந்தனர். அறுத்த ஆட்டின் ஈரலில் நீர் நிறைந்த கட்டிகள் இருப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். ஆயினும், இவ்விரண்டும் ஒரே உயிரின் இரு பருவங்கள் என்பதை ஐயமற நிறுவப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வறிவு பிறந்த பின், அதனைக் கொண்டு ஒரு கொடிய நோயை முதன்முதலில் நாடு முழுவதிலும் ஒழித்த பெருமை ஐஸ்லாந்துத் தீவிற்கு உரியது.

புழுவின் இரு வீடுகள்

உடலில் காணும் கட்டிகள் கெட்டுப்போன தசையிலிருந்து தாமே தோன்றுவன என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் நம்பி வந்தனர். கட்டிக்குள் இருக்கும் சிறு தலைகள் நாடாப்புழுவின் தலையை ஒத்திருப்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சிலர் கண்டனர். எனினும், கண்டதை மெய்ப்பிக்கச் சோதனை தேவைப்பட்டது. ஜெர்மானிய மருத்துவரான கியூக்கன்மைஸ்டர் 1851ஆம் ஆண்டில் முயலின் உடலிலிருந்த கொப்புளங்களை நரிகளுக்கும் நாய்களுக்கும் உணவோடு கொடுத்தார். சில வாரங்களில் அவற்றின் குடலில் நாடாப்புழுக்கள் வளர்ந்திருக்கக் கண்டார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் சீபோல்டு என்னும் அறிஞர் கால்நடையின் நீர்க்கட்டிகளை நாய்களுக்குக் கொடுத்து, அவற்றின் குடலில் மிகச் சிறிய நாடாப்புழு ஒன்று பெருகுவதை நிறுவினார்.

நாடாப்புழு என்றதும் பல முழ நீளமுள்ள புழுவே நம் நினைவிற்கு வரும். இதுவோ ஓர் அரிசி மணியின் நீளத்தையும் பெரும்பாலும் தாண்டாதது. தலையோடு மூன்று நான்கு கணுக்களே உடையது. நாயின் குடலில் இவை ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய்க்குப் பெருந்துன்பம் நேர்வதில்லை. முதிர்ந்த கணு உதிர்ந்து, முட்டைகள் நாயின் மலத்தோடு புல்வெளியில் சிதறுகின்றன. மேயும் ஆடு புல்லோடு அம் முட்டைகளை விழுங்குகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் கரு குடற்சுவரைத் துளைத்துக் குருதியோடு சென்று, ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர்க்கட்டியாகிறது. அந்த ஆட்டை அறுத்து, கட்டியுள்ள ஈரலை நாய்க்கு எறிந்தால் சுழற்சி நிறைவுறுகிறது.

இச் சுழற்சியில் மனிதனுக்கு இடமில்லை. நாயைத் தடவிய கையோடு உண்ணும்போது முட்டை அவன் வயிற்றை அடைந்துவிடுகிறது. அவன் உடலிலும் கட்டி வளர்கிறது. ஆண்டுக் கணக்கில் ஓசையின்றி வளர்ந்து, சில வேளைகளில் குழந்தையின் தலையளவும் பெருத்து, உயிருக்கே உலையாகிறது.

நாயும் ஆடும் நிறைந்த தீவு

டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்தில் 1860ஆம் ஆண்டளவில் எழுபதாயிரத்திற்கும் குறைவான மக்களே வாழ்ந்தனர். ஆடு வளர்ப்பே அவர்தம் முதன்மைத் தொழில். ஆடு மேய்க்க நாய் வேண்டும்; கடுங்குளிரில் அந்த நாய்க்கும் வீட்டிற்குள்ளேயே இடம் வேண்டும். உண்ட கலங்களை நாய் நக்குவதும், ஆடு அறுக்குங்கால் கழிவுகளை அதற்கு இடுவதும் நாள்தோறும் நிகழ்ந்தன. அந் நாட்டு மக்களை நீர்க்கட்டி நோய் பெரிதும் வாட்டுவதைச் சென்று கண்ட மருத்துவர் முன்பே எழுதியிருந்தனர்.

1863ஆம் ஆண்டில் ஹரால்டு கிராப்பே என்னும் டேனிய அறிஞர் அங்குச் சென்றார். நூறு நாய்களின் குடலைச் சோதித்தார். இருபத்தெட்டு நாய்களில் இப் புழு இருந்தது. நோயின் ஊற்று எங்குள்ளது என்பது விளங்கிற்று. ஆனால், நோயாளியின் கட்டியைக் கரைக்கும் மருந்து எதுவும் அந் நாளில் இல்லை. அறுவை மருத்துவமும் பேரிடர் நிறைந்ததாகவே இருந்தது.

வீடு தேடி வந்த நூல்

மருந்தில்லா நோய்க்குக் கிராப்பே ஒரு சிறுநூல் எழுதினார். புழுவின் வாழ்க்கையையும் அதனைத் தடுக்கும் வழியையும் எளிய முறையில் அது விளக்கியது. ஐஸ்லாந்து மொழியில் 1864ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் இல்லங்கள்தோறும் விலையின்றி வழங்கப்பெற்றது. கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்கு இடாதீர். எரித்தோ புதைத்தோ அழித்துவிடுவீர். நாய்களின் தொகையைக் குறைப்பீர். கலத்தையும் கையையும் தூய்மையாக வைப்பீர் என்பதே அதன் சாரம்.

அந்நூல் பரணில் உறங்கவில்லை. ஐஸ்லாந்தியருள் எழுத்தறிந்தோர் மிகப் பலர். நீண்ட குளிர்கால இரவுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, ஏனையோர் கம்பளி நூற்றபடி கேட்பது அவர்தம் இல்லற மரபு. பழங்கதைகளைக் கேட்ட செவிகள் புழுவின் கதையையும் கேட்டன. 1869ஆம் ஆண்டிலும் 1890ஆம் ஆண்டிலும் பிறந்த சட்டங்கள் நாய்களுக்கு வரி விதிக்கவும், கழிவுகளை அழிக்கவும், நாய்களுக்குப் புழுமருந்து கொடுக்கவும் வழி செய்தன. பின்னாளில் பல நாடுகளில் இதற்குப் பயன்பட்ட அரிக்கோலின் என்னும் மருந்து நாம் வெற்றிலையோடு மெல்லும் பாக்கிலுள்ள சத்தே என்பது அறிந்து மகிழத்தக்கது.

காலம் கூறிய சான்று

கட்டி மெல்ல வளர்வதாதலின் நூலின் பயனும் மெல்லவே தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் ரேய்க்யவிக் நகரில் இறந்தோரின் உடல்களைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. 1861 முதல் 1870 வரை பிறந்தோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் கட்டி இருந்தது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் பிறந்தோரிடம் அது விரைந்து குறைந்தது. 1900க்குப் பின் பிறந்தோரிடம் காண்பதே அரிதாயிற்று. ஆடு வளர்க்கும் முறை மாறி, வயது முதிர்ந்த ஆடுகளை அறுப்பது குறைந்ததும் இதற்குத் துணை புரிந்தது என்பர். ஆடுகளில் இறுதியாக 1979ஆம் ஆண்டில் இக் கட்டி காணப்பட்டது. அதன்பின் தீவு இந் நோயினின்று விடுபட்டது.

ஆப்பிரிக்காவிலும் நடு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் இந் நோய் இன்றும் மக்களை வருத்துகிறது. புழுவின் சுழற்சி அன்று போலவே இன்றும் உள்ளது. அதனை அறுக்கும் இடமும் அதுவே. ஆடு அறுப்பவன் ஈரலைக் கையில் எடுத்து நிற்கும் நொடியில், எதிரே நாய் வாலாட்டி நிற்கிறது. அந் நொடியில் அவன் செய்வதை முடிவு செய்வது அவன் முன்பு கேட்ட ஒரு செய்தியே. ஐஸ்லாந்தில் அச் செய்தியைக் குளிர்கால இரவில் யாரோ ஒருவர் உரக்கப் படித்துக் காட்டியிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் கட்டியின்றி முதுமை எய்தினர்.