களிமண் பலகையும் நம் கோயில் சுவரும்

நம் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது ஓர் ஊர்ச்சபையின் விதிமுறை. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டியது. 30 குடும்பு, ஓலையில் பெயர், குடத்துக்குள் கைவிடும் சிறுவன், கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை என்ற கண்டிப்பு எல்லாம் நம் குடியிருப்புப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். (அந்தச் சபை பிராமண ஆண்களுக்கு மட்டுமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

இதற்குச் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதத் தொடங்கியவர்கள் சுமேரியர்கள். இன்றைய ஈராக்கின் தென்பகுதி அவர்கள் நாடு. அங்கே கல் கிடைப்பது அரிது. ஆற்று வண்டலும் நாணலும்தான் ஏராளம். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியின் நுனியை அழுத்தினார்கள். ஆப்பு போலத் தடம் விழுந்தது. அதனால்தான் ஆப்பெழுத்து என்கிறோம். முதலில் எழுதியது பாட்டும் அல்ல, வேண்டுதலும் அல்ல. இத்தனை மூட்டை பார்லி, இத்தனை ஆடு என்ற கணக்குதான்!

புகாரும் எழுதினார்கள். ஊர் நகரத்தில் ஏயா-நாசிர் என்றொரு செம்பு வியாபாரி. மட்டமான சரக்கைக் காட்டி, வந்த ஆளையும் மரியாதையில்லாமல் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டான் என்று நன்னி என்ற வாடிக்கையாளர் பொரிந்து தள்ளியிருக்கிறார். கி.மு. 1750 வாக்கில் எழுதிய அந்தக் கடிதம் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி பற்றி வரும் செய்திகளைப் படிப்பவர்களுக்கு நன்னியின் குரல் புதிதாகத் தோன்றாது.

கதைகளில் பெரியது கில்காமேஷ் கதை. உருக் நகரத்து அரசன் கில்காமேஷ். உயிர் நண்பன் என்கிடு இறந்தபோது, அந்த உடலைப் பிரிய மனமில்லாமல், மூக்கிலிருந்து புழு விழும் வரை பக்கத்திலேயே இருக்கிறான். பிறகு தனக்கும் இதுதானே என்ற பயம் பிடித்துக்கொள்கிறது. சாவை வென்ற ஒருவரைத் தேடிப் போகிறான். அவர் உத்னபிஷ்டிம், தெய்வத்தின் எச்சரிக்கையால் மரக்கலம் கட்டி ஊழிவெள்ளத்தில் பிழைத்தவர். வெள்ளம் வடிந்ததா என்று பார்க்கப் புறாவையும் தகைவிலானையும் அண்டங்காக்கையையும் பறக்கவிட்டவர். நமக்கு மச்ச அவதாரம் நினைவுக்கு வரும். கடைசியில் இளமையைத் திருப்பித் தரும் செடி ஒன்று கில்காமேஷ் கைக்குக் கிடைக்கிறது. அவன் குளிக்க இறங்கிய நேரத்தில் ஒரு பாம்பு அதைக் கவர்ந்துகொண்டு, சட்டையை உரித்துப் போட்டுப் போகிறது. உட்கார்ந்து அழுகிறான். பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், பாம்பு வரும் இடத்தில் மூச்சுவிடாமல் கேட்பார்கள்.

வெள்ளக் கதையை 1872-ல் படித்துச் சொன்ன ஜார்ஜ் ஸ்மித் கல்லூரிப் பக்கம் போனவர் அல்ல. பணநோட்டு அச்சுத்தகடு செதுக்கும் தொழில் பழகியவர். சாப்பாட்டு இடைவேளையில் அருங்காட்சியகத்துக்கு ஓடிப்போய்த் தானாகவே அந்த எழுத்தைக் கற்றார்.

அவர் படித்த பலகை நினிவே நகரில், அசுர்பானிபால் அரசனின் நூலகத்தில் இருந்தது. கி.மு. 612-ல் பகைவர் அந்நகரைக் கொளுத்தினார்கள். ஓலையாக இருந்திருந்தால் சாம்பல்தான் மிஞ்சியிருக்கும். களிமண்ணோ செங்கல் போல வெந்து கெட்டியானது. நம் ஊரில் குடத்தில் போட்ட ஓலைகள் போய்விட்டன. கல்லில் வெட்டிய விதி மட்டும் நிற்கிறது.

இந்தப் பலகைகள் நம் நாட்டையும் தொடுகின்றன. மெலுக்கா நாட்டுக் கப்பல்கள் தன் துறைக்கு வந்ததாக அக்காது அரசன் சார்கோன் பெருமைப்பட்டிருக்கிறான். மெலுக்கா என்பது சிந்துவெளி என்றே அறிஞர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை உள்ளது. அதன் சொந்தக்காரர் பெயர் ஷு-இலிஷு. தொழில், மெலுக்கா மொழிபெயர்ப்பாளர்.

சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுபவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. ஷு-இலிஷு போன்ற ஒருவர் இரண்டு எழுத்திலும் ஒரே செய்தியை எழுதி வைத்திருந்தால் வேலை பாதி முடிந்திருக்கும். அப்படி ஒரு பலகை இதுவரை கிடைக்கவில்லை.