வைகை மணலும் மோர்ப்பந்தலும்

நம் கூட்டமைப்பு மலருக்கு ஊர் வரலாறு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். ராஜா கதையும் கோட்டைக் கதையும் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதனால் சித்திரைத் திருவிழாவில் வைகைக் கரையில் நடக்கிற தான தர்மத்தைப் பற்றி எழுதுகிறேன். அதில் நம்மைப் போன்ற பொம்பளைகளின் கை நிறைய இருக்கிறது. ஆனால் அதை எழுதி வைக்கிறவர்கள் குறைவு.

இப்போது எங்கே பார்த்தாலும் பூங்கா இருக்கிறது. அந்தக் காலத்தில் மதுரைக்காரர்களுக்குக் காற்று வாங்க, பிள்ளைகள் விளையாட, கூட்டாஞ்சோறு சாப்பிட எல்லாவற்றுக்கும் வைகை மணல்தான். தென்கரையில் சிம்மக்கல், வடகரையில் தல்லாகுளம், கோரிப்பாளையம். இரண்டு கரையையும் சேர்க்கிற ஏ.வி. பாலம் 1889-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்னால் ஆற்றில் இறங்கித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். சித்ரா பௌர்ணமி அன்று கள்ளழகர் இறங்குவதும் இந்தப் பாலத்துப் பக்கம்தான்.

வைகைக் கரையில் ஒரு பொம்பளையின் பெயர் இன்றைக்கும் நிற்கிறது. அது பிட்டு விற்ற வந்திக் கிழவி. வெள்ளம் வந்து கரை உடைந்தபோது வீட்டுக்கு ஒரு ஆள் வந்து அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு போட்டான். வந்திக்கு ஆள் இல்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு சிவனே மண் சுமக்க வந்தார் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சியும் சொக்கநாதரும் ஆற்றங்கரைப் பிட்டுத்தோப்புக்கு வந்து அதை நடத்திக் காட்டுகிறார்கள். சுயதொழில் செய்து பிழைத்த ஒரு ஏழைக் கிழவிக்காகக் கோவிலே ஆற்றங்கரைக்கு வருகிறது என்றால் சும்மாவா?

இனி சித்திரைக்கு வருகிறேன். முன்னே மீனாட்சி கல்யாணம் மாசி மாதத்தில் நடந்தது. அழகர் சித்திரையில் மலையை விட்டு இறங்கித் தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போய் வந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டையும் சித்திரையில் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்று சொல்கிறார்கள். இதற்கு அடையாளம் ஊரிலேயே இருக்கிறது. சித்திரைத் தேர் ஓடுகிற வீதிக்குப் பெயர் மாசி வீதி. வண்டியூர் பக்கம் அழகர் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிற மண்டபத்துக்குப் பெயர் தேனூர் மண்டபம். மாதமும் இடமும் மாறின, பெயர் மாறவில்லை.

திருவிழா ஒன்றானதும் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்தது. அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் தூரம். சித்திரை வெயிலோ மண்டையைப் பிளக்கும். சனங்கள் மாட்டுவண்டி கட்டி, குழந்தை குட்டியோடு வந்து ஆற்று மணலில் தங்கினார்கள். எங்க மாமியார் சின்னப் பிள்ளையில் அப்படி வந்தவங்க. "கட்டுச்சோறு ரெண்டு நாளைக்கு வரும். தண்ணிக்கு மட்டும் யார் கையையாவதுதான் எதிர்பார்க்கணும்" என்று சொல்லுவாங்க. தண்ணீர்ப் பந்தல் எதற்காக வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. புண்ணியம் அப்புறம். முதலில் தாகம்.

நாயக்கர் காலத்தில் வழிப்போக்கர்களை நினைத்துப் பார்த்த இன்னொரு பெண் ராணி மங்கம்மாள். 1689-லிருந்து 1706 வரை பேரனுக்காக ஆட்சி செய்தார். சாலை போட்டார், சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயர் சொல்கிறது. தமுக்கத்தில் அவர் இருந்ததாகச் சொல்லப்படும் அரண்மனைதான் 1959-ல் காந்தி மியூசியம் ஆனது.

வசதியான குடும்பத்தாரும் ஊர்க்காரர்களும் வழியில் மண்டபம் கட்டி அழகரை இறக்கி வைத்து உபசாரம் செய்தார்கள். அதுதான் மண்டகப்படி. இன்றைக்கு நானூறுக்கு மேல் மண்டகப்படிகளில் அழகர் நின்று நின்று வருகிறார். மண்டபம் கட்ட முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? நாலு கம்பு நட்டுக் கீற்றுக் கொட்டகை போட்டார்கள். மண்பானையில் மோர், பானகம், பக்கத்தில் கம்பங்கூழ், பனையோலை விசிறி. அதற்கும் முடியாத பெண்கள் செம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, மேலே தீபம் ஏற்றி, அழகருக்குக் காட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை கொடுத்தார்கள். இப்போதும் அப்படித்தான். கொடுப்பதற்குச் சாதி, மதம் பார்ப்பதில்லை. முஸ்லிம் சகோதரர்கள் நீர்மோர் கொடுப்பதையும் மதுரையில் பார்க்கலாம்.

மீனாட்சி கல்யாணத்து அன்று சேதுபதி பள்ளியில் நடக்கிற விருந்தைப் பாருங்கள். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் சனங்கள் கொடுத்தது. முதல் நாள் ராத்திரி பெண்கள் அரிவாள்மனையும் கத்தியுமாக வந்து உட்கார்ந்து மலை மாதிரி காய் நறுக்குவார்கள். கல்யாண வீடு என்று சாப்பிட்டவர்கள் மொய்யும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

எங்க ஊர் அழகர்கோவில் ரோட்டுப் பக்கம். எங்க குழுவும் மோர்ப்பந்தல் வைக்கிறது. ஆரம்பித்தபோது பெரிய விவாதம் நடந்தது. "சேமிப்புப் பணத்தில் கொஞ்சம் எடுப்போம்" என்றார்கள் சிலர். "அது பிள்ளை ஃபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடன் கொடுக்கிற பணம், அதில் கை வைக்கக் கூடாது" என்றார்கள் மற்றவர்கள். கடைசியில் சேமிப்பைத் தொடுவதில்லை என்று தீர்மான நோட்டில் எழுதினோம். மாடு வைத்திருப்பவர் தயிர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மல்லி ஆளுக்கொன்று. எதுவும் முடியாதவர் தண்ணீர் தூக்க வருவார். தூக்கினவர் பெயரும் தயிர் கொடுத்தவர் பெயரும் நோட்டில் ஒரே வரிசையில் இருக்கும். கணக்கை அடுத்த வாரக் கூட்டத்தில் வாசிப்போம்.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், காலம் மாறிக்கொண்டு வருகிறது. வைகையில் தண்ணீர் தானாக வருவதில்லை. திருவிழாவுக்கு 1959-ல் திறந்த வைகை அணையிலிருந்து விடுகிறார்கள். கொரோனாவால் 2020-லும் 2021-லும் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2022-ல் கூட்டம் ஒரேயடியாகத் திரண்டு, நெரிசலில் இரண்டு பேர் இறந்து போனார்கள். தாகத்துக்குக் கொடுக்க ஆரம்பித்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் கப்பும் கவரும் குவிகிறது. அத்தனையும் ஆற்றுக்குள்தான் போகிறது. சில இடங்களில் கொடுக்கிற பொட்டலத்தை விடக் கொடுப்பவர் பிளக்ஸ் பெரிதாக இருக்கிறது. கூட்டத்துக்குள் பொட்டலத்தைத் தூக்கி வீசுகிறார்கள். வயதானவர்களும் பிள்ளைக்காரிகளும் அதற்கு முண்டியடிக்க முடியுமா?

ஆற்றை அழுக்காக்கிவிட்டு ஆற்றங்கரையில் செய்கிற தர்மம் பாதி தர்மம்தான். அதனால் கூட்டமைப்புச் சகோதரிகளிடம் சில விஷயங்கள் கேட்டுக்கொள்கிறேன். வருகிற சித்திரைக்குப் பந்தல் வைக்கிற குழுக்கள் எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். கழுவ இரண்டு வாளியும் இரண்டு பேரும் இருந்தால் போதும், எங்களுக்கு அது நடக்கிறது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் மோர் கரையுங்கள். சாப்பாடு கொடுப்பதாக இருந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். பந்தலைச் சாலை ஓரமாகத் தள்ளிப் போட்டு வரிசையில் நிற்க வைத்துக் கொடுங்கள். வரிசையில் வர முடியாதவர்களுக்கு நாமே எடுத்துப் போய்க் கொடுப்போம்.

சேமிப்புப் பணத்தைத் தொடாதீர்கள். ஆளுக்கொரு கைப்பொருள் போதும். பந்தல் பிரித்த பிறகு அந்த இடத்தைக் கூட்டி அள்ளிவிட்டு வீட்டுக்குப் போவோம்.