எந்த ஆற்றங்கரையில் நிற்பது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாதபோது படியுங்கள்.

சியாட்டிலில் இருக்கும் என் மாணவர் ஒருவர் (பெயர் போடாதீங்க சார் என்று சொல்லிவிட்டார்) போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், குளிர்காலத்தில் ஸ்டீல்ஹெட் பிடிக்கப் போகலாம்னு இருக்கேன். படகு இல்லை, கரையில் நின்றுதான். எந்த ஆத்துக்குப் போறது?" தூண்டிலையே தொடாத என்னிடம் ஏன் இந்தக் கேள்வி என்று மற்றவர்களுக்குத் தோன்றும். 2023-24 குளிர்காலத்தில் டகோமாவில் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு இந்த மீன் பைத்தியம். சனிக்கிழமை விடியும்வரை எந்த ஆறு என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பக்கத்து நூலகத்தில் அந்த ஆறுகளின் வரலாற்றைப் படித்தேன். மாப்பிள்ளை தேர்வு செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு முன்பே நூற்று எழுபது வருஷமாக வேறு பலர் அதைத் தேர்வு செய்து வைத்துவிட்டார்கள் என்பதே எனக்குப் புரிந்தது.

முதலில் மீன். ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் 1907இல் வெள்ளைக்காரர்கள் பொரிப்பகம் அமைத்து டிரவுட் வளர்த்தார்களே, அந்த ரெயின்போ டிரவுட்டும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ. கடலுக்குப் போய் வளர்ந்து, வெள்ளி நிறமாகி, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பினால் ஸ்டீல்ஹெட். அங்குள்ள சால்மன் மீன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். இது பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மறுபடியும் வரக்கூடியது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு ஏறுவதைக் குளிர்கால ஸ்டீல்ஹெட் என்கிறார்கள்.

1854 டிசம்பர் 26 அன்று ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ், நிஸ்குவாலி, புயாலப் முதலிய பழங்குடிகளிடம் மெடிசின் கிரீக் என்ற இடத்தில் ஒப்பந்தக் கையெழுத்து வாங்கினார். நிலம் ஏறக்குறைய முழுவதும் போயிற்று. ஆனால், வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களில், மற்றக் குடிமக்களோடு பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கே இருக்கும் என்று ஒரு வரி அதில் இருந்தது. "பொதுவாக" என்ற அந்த ஒற்றைச் சொல்லின் பொருளுக்காக நூற்று இருபது வருஷம் சண்டை நடந்தது. இலக்கணம் படித்து என்ன ஆகப் போகிறது என்று என்னிடம் கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும்.

1925இல் வாஷிங்டன் மாநிலம் ஸ்டீல்ஹெட்டை "விளையாட்டு மீன்" என்று சட்டம் போட்டது. தூண்டில்காரர்களுக்கு அது பொழுதுபோக்கு. வலை போட்டுச் சாப்பிட்டுவந்த பழங்குடிக்கு அதுவே குற்றமாயிற்று. நிஸ்குவாலி ஆற்றில் பில்லி ஃபிராங்க் என்ற பையன் 1945இல் கைதானபோது அவனுக்கு வயது 14. எட்டாம் வகுப்புப் பிள்ளை! பிறகு ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். 1964இல் 'காட்ஃபாதர்' புகழ் மார்லன் பிராண்டோ கூடப் பழங்குடியினருக்கு ஆதரவாகப் புயாலப் ஆற்றில் மீன் பிடித்துக் கைதானார். அந்தப் படம் அப்போது வரவில்லை என்றாலும் ஆள் பெரிய நட்சத்திரம்தான்.

1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார். பிடிக்கக்கூடிய மீனில் பாதிவரை ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது, ஸ்டீல்ஹெட்டும் அதில் அடக்கம் என்றார். தூண்டில்காரர்கள் கொதித்தார்கள். நீதிபதியின் கொடும்பாவியைத் தொங்கவிட்டார்கள். 1979இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெருமளவு உறுதி செய்தது. நான் அங்கே இருந்தபோதுதான் அதன் ஐம்பதாம் ஆண்டு வந்தது. மீன் குறைந்ததற்கு வலைதான் காரணம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் வாசிப்பில் அது பாதி உண்மைகூட இல்லை. காட்டை வெட்டியது யார், அணை கட்டியது யார் என்று பார்க்க வேண்டும்.

அதற்கு எல்வா ஆற்றைவிட நல்ல பாடம் கிடையாது. தாமஸ் ஆல்ட்வெல் என்ற தொழில்முனைவர் மின்சாரத்துக்காக 1913இல் அங்கே அணையை முடித்தார். கடல் முகத்துவாரத்திலிருந்து எட்டே கிலோமீட்டர்! மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும் என்று 1890லேயே மாநிலச் சட்டம் இருந்தது. அவர் விடவில்லை. அரசின் மீன்வள ஆணையர் லெஸ்லி டார்வின் ஆல்ட்வெல்லை நிறுத்தவில்லை, சமாதானமாக ஒரு யோசனை சொன்னார்: வழிக்குப் பதில் ஒரு குஞ்சு பொரிப்பகம் கட்டிக்கொடுத்தால் போதும். கட்டினார்கள். 1922இல் அதையும் மூடிவிட்டார்கள். அணை நின்றது. 1927இல் மேலே இன்னொன்று, 64 மீட்டர் உயரத்தில். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட முட்டையிடும் இடம் மீனுக்கு இல்லாமல் போனது. கீழ் எல்வா கிளாலம் மக்கள் தங்கள் தோற்றத் தலம் என்று நம்பும் பாறையும் நீருக்கடியில் போயிற்று.

"ஆற்றைக் கெடுத்துக்கொள், பண்ணையில் மீன் வளர்த்துத் தருகிறேன்" என்ற அந்த யோசனைதான் இன்று கரைத் தூண்டில்காரரின் வரைபடம். பண்ணைக் குஞ்சுகள் விட்ட இடத்துக்கே திரும்பும். ஆகவே டிசம்பர், ஜனவரியில் பொரிப்பகங்களின் அருகே கூட்டம். பண்ணை மீனுக்கு முதுகுக்கும் வாலுக்கும் நடுவே இருக்கும் குட்டித் துடுப்பை வெட்டி விட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். காட்டு மீன் பெரும்பாலும் பிப்ரவரிக்குப் பிறகுதான் வரும். பியூஜெட் சவுண்ட் பகுதி ஸ்டீல்ஹெட்டை 2007இலேயே அழிவு அபாயப் பட்டியலில் சேர்த்தாயிற்று.

எல்வா கதை அதோடு முடியவில்லை. 1992இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2011இல் இடிக்க ஆரம்பித்து 2014க்குள் இரண்டு அணையும் போயின. அணைக்கு மேலே சிறைப்பட்டு, நூறு வருஷமாக வெறும் ரெயின்போ டிரவுட்டாக வாழ்ந்த மீன்களின் வாரிசுகள் கடலுக்குப் போய், ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பின! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதைப் படித்த அன்று நூலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டுத் தன் பத்திரிகைக்குத் திரும்பினார்.

நீருக்கடியில் போன அந்தத் தலமும் வெளியே வந்தது. இடிக்க ஆரம்பித்தபோதே அங்கே மீன்பிடிக்குத் தடை போட்டார்கள், திரும்பத் திரும்ப நீட்டித்தார்கள். 2023 அக்டோபரில் பழங்குடியினர் மட்டும் கொஞ்சம் கோஹோ சால்மன் பிடித்தார்கள். டகோமாவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனாலும் நான் இருந்த குளிர்காலத்தில் மாப்பிள்ளைக்கு அந்த ஆறு கிடையாது. சரிதான் என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

இனி சியாட்டில்காரருக்குப் பதில். ஃபோர்க்ஸ் ஊர்ப் பக்கம் போகசீல் ஆற்றுக்குப் போங்கள். பொரிப்பகம் அங்கேயே இருக்கிறது, ஜனவரி முதல் பாதி நல்லது. மழை நின்ற மறுநாளே ஓடாதீர்கள். தண்ணீர் காபி நிறத்தில் ஓடும். தெளிந்து பச்சையாகி, முழங்கால் ஆழத்தில் கல் தெரியும்போது போக வேண்டும். சின்ன ஆறு சீக்கிரம் தெளியும், பெரியது நாளெடுக்கும். கரை எல்லாம் பொது இடம் என்று நினைக்காதீர்கள். தனியார் வேலி நிறைய உண்டு. பூங்கா, அரசு இறங்குதுறை பார்த்து இறங்குங்கள். படகு இல்லையே என்று ஏங்கவும் வேண்டாம். 2020 டிசம்பரில் மீன் மிகவும் குறைந்ததால் கடலோர ஆறுகளில் படகிலிருந்து தூண்டில் போடக் கூடாது, இரையும் கூடாது என்றே விதி போட்டார்கள். அன்று எல்லோரும் உங்களைப் போலக் கரைக்காரர்கள்தான். விதி வருஷா வருஷம், சில சமயம் பருவத்தின் நடுவிலேயே மாறும். கிளம்பும் அன்று காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

மீன் மாட்டினால் தண்ணீரை விட்டு வெளியே தூக்காமல் முதலில் முதுகைப் பாருங்கள். குட்டித் துடுப்பு இருந்தால் அப்படியே விட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.