வளரிளம் பருவத்தினரின் முதுகெலும்பு அறுவைக்குப் பிந்தைய வலித்தணிப்பு

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்புப் பக்கவளைவை நிமிர்த்துவதற்கு வளரிளம் பருவத்தினருக்குச் செய்யப்படும் முள்ளெலும்பு இணைப்பு அறுவையில், முதுகின் தசைகளை எலும்பிலிருந்து நெடுகப் பிரித்துத் திருகாணிகளையும் உலோகத் தண்டுகளையும் பொருத்த வேண்டியிருப்பதால், அதன் பின் எழும் வலி மிகக் கடுமையானது. மார்பின் முதலிய ஓப்பியாய்டுகளை, அதாவது அபினியிலிருந்து பெறப்படும் அல்லது அதைப்போல் செயல்படும் மருந்துகளை, எந்த அளவில் கொடுத்து இவ்வலியைத் தணிப்பது என்பதே இத்துறையின் நெடுநாளைய வினாவாக இருந்து வந்துள்ளது.

நியூயார்க்கில் ரஸ்ஸல் ஹிப்ஸ் 1911இல் முள்ளெலும்பு இணைப்பு முறையை வெளியிட்டார். ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் உருவாக்கிய உலோகத் தண்டு முறை 1962இல் வெளியாகிப் பரவிய காலத்தில், நோயாளிகள் மாவுக்கட்டுடன் பல மாதங்கள் இருக்க நேர்ந்தது. வலிக்குச் சில மணிக்கொருமுறை போடப்பட்ட ஊசியே துணையாக இருந்தது. நோயாளியே பொத்தானை அழுத்தி, வரம்பிட்ட அளவு மருந்தைச் சிரைவழி பெறும் கருவியைப் பற்றி ஃபிலிப் செக்ஸர் 1971இல் எழுதினார். அது பின்னர்ச் சிறுவர்களுக்கும் பயன்பட்டது. அக்காலத்தில் குழந்தைகளின் வலி குறைத்து மதிப்பிடப்பட்டு, பெரியவர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவான மருந்தே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டதை 1980களின் ஆய்வுகள் காட்டின.

அக்குறை உணரப்பட்டபின் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. 1990களில் அமெரிக்காவில் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கருதி அளவிடும் வழக்கம் வலுப்பெற்றதோடு, 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் போன்ற ஓப்பியாய்டு மாத்திரைகளும் தாராளமாக எழுதித்தரப்பட்டன. குமட்டல், மலச்சிக்கல், மூச்சு மந்தமாதல் ஆகிய உடனடித் தீங்குகளோடு, வீட்டில் மிஞ்சிய மாத்திரைகள் தவறான பயன்பாட்டுக்கு வழிவிடும் இடரும் சேர்ந்துகொண்டது. பள்ளிப்பருவத்தில் மருத்துவர் எழுதித்தந்த ஓப்பியாய்டை உட்கொண்டவர்களிடையே பிற்காலத் தவறான பயன்பாட்டுக்கான வாய்ப்பு 33 விழுக்காடு கூடியிருந்ததாக 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது.

இதற்கு மாற்றாக அமைந்தது பன்முக வலித்தணிப்பு. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட்டும் யோர்கன் டாலும் 1993இல் விளக்கிய இக்கருத்தின்படி, வலி உணர்த்தப்படும் பாதையின் வெவ்வேறு இடங்களில் செயல்படும் மருந்துகளைச் சிறு அளவுகளில் இணைத்தால் எந்த ஒன்றின் தீங்கும் மிகுவதில்லை. ஆகவே பாராசிட்டமால், அழற்சியைக் குறைக்கும் கீட்டோரோலாக், நரம்பின் மிகைத்தூண்டலை அடக்கும் கேபாபென்டின், கெட்டமைன் ஆகியவை சிகிச்சையில் சேர்ந்தன. கீட்டோரோலாக் எலும்பு இணைவதைத் தடுக்கும் என்ற அச்சம் பெரியவர்களிடம் செய்து 1998இல் வெளியான ஆய்வொன்றால் எழுந்ததெனினும், வளரிளம் பருவத்தினரிடம் குறுகிய காலம் பயன்படுத்தியபோது அத்தகைய தீங்கு மிகுந்ததாகப் பின்வந்த ஆய்வுகள் காட்டவில்லை. 2010களில் அட்லாண்டா, ஃபிலடெல்ஃபியா முதலிய இடங்களின் மருத்துவமனைகள் இம்மருந்துகளோடு, விரைவில் எழுந்து நடக்கச் செய்தல், விரைவில் உணவு தொடங்குதல், பிள்ளையையும் பெற்றோரையும் முன்கூட்டியே ஆயத்தப்படுத்துதல் ஆகியவற்றை ஒரே ஒழுங்குமுறையாக்கியதால், மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறைந்தன.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புறநோயாளிகளாக உள்ள சிறுவர்களின் கடும் வலிக்கு ஓப்பியாய்டு தேவைப்படும்போது அதனை மற்ற மருந்துகளோடு சேர்த்தே, மிகக் குறைந்த அளவில், பொதுவாக ஐந்து நாள்களுக்கு மேற்படாமல் எழுதித்தரவும், நலோக்சோன் என்னும் முறிமருந்தையும் உடன் வழங்கவும் பரிந்துரைக்கிறது. முள்ளெலும்பு இணைப்பு போன்ற பெரிய அறுவைக்குப்பின் ஓப்பியாய்டை முற்றிலும் விலக்குவது பல பிள்ளைகளைத் தாங்கவொண்ணா வலியில் தள்ளிவிடும். எனவே அதன் தேவையைக் குறைப்பதே தக்க இலக்கு, வலியைப் புறக்கணிப்பது அன்று.